வாயில் மறுத்தல்

என் மாணவி ஒருத்தி கேட்ட பரிந்துரைக் கடிதத்தை மூன்று வாரங்கள் எழுதாமல் வைத்திருந்தேன். விடைத்தாள் திருத்தம், கருத்தரங்கு என்று காரணங்கள் இருந்தன. கடைசி நாளன்று ரயிலில் அமர்ந்து மடிக்கணினியில் எழுதி முடித்தேன். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்ட ஆய்வுக்கு அவள் விண்ணப்பித்திருந்தாள். நெசவாளர் வீட்டுப் பெண். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவள். கடிதத்தைப் பரிந்துரைப்பவரே இணையத்தில் ஏற்ற வேண்டும். இரவு 11.59 வரைதான் அவகாசம்.

சந்திப்பு நிலையத்தில் இறங்கியபோது மணி பத்தரை. அடுத்த வண்டி இரண்டு மணி நேரத் தாமதம். கைப்பேசியில் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது. வழியெல்லாம் பழைய மேடைப் பேச்சுகளைப் பார்த்துக்கொண்டு வந்ததன் பலன். புதிய டேட்டா நள்ளிரவு பன்னிரண்டுக்குத்தான் வரும். அதாவது, கெடு முடிந்து ஒரு நிமிடம் கழித்து.

நடைமேடையில் இலவச வைஃபை இருந்தது. மடிக்கணினி அதனோடு உடனே இணைந்தது. ஆனால் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. கைப்பேசி எண்ணைக் கேட்கும் நுழைவுப் பக்கம் வரவேண்டும் என்பது எனக்குத் தெரியும்; அது வரவே இல்லை. அணைத்துப் போட்டேன். இணைப்பைத் துண்டித்து மீண்டும் இணைத்தேன். மணி பதினொன்றைத் தாண்டியது. பதற்றத்தில் ஒரே பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்துவது வழிபாட்டுக்கு நெருக்கமான செயல் என்பதை அன்று உணர்ந்தேன்.

பக்கத்து இருக்கையில் இருந்த இளைஞர் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, “சார், டி.என்.எஸ். ஏதாவது மாத்தி வெச்சிருக்கீங்களா?” என்றார். சில மாதங்களுக்கு முன் வீட்டு இணையம் மெதுவாக இருக்கிறதென்று நான் புலம்பியபோது, அக்காள் மகன் 8.8.8.8 என்று ஏதோ எழுதிவைத்துப் போனது நினைவுக்கு வந்தது.

அவர் பொறுமையாக விளக்கினார். இணையதளங்களின் பெயர்களை எண் முகவரிகளாக மாற்றித் தருவது டி.என்.எஸ். பொது வைஃபை, நுழைவு முடியும்வரை வெளியே உள்ள டி.என்.எஸ்.ஸிடம் பேசவிடாது. என் கணினியோ வெளியே உள்ள கூகுளிடம் மட்டுமே வழி கேட்பேன் என்று நின்றது. பக்கத்தில் இருப்பவரிடம் கேட்க மறுத்து ஊரில் இருக்கும் அண்ணனுக்கே கடிதம் போடுகிறவனைப் போல. அமைப்புகளுக்குள் சென்று அதை ‘தானியங்கி’ என்று மாற்றினார். வி.பி.என். இருந்தால் அதையும் சற்று நேரம் நிறுத்த வேண்டும் என்றார். என்னிடம் அது இல்லை.

இப்போது வேறொன்று வந்தது. இணைப்பு பாதுகாப்பானதன்று என்னும் எச்சரிக்கை. ‘பரவாயில்லை, தொடர்க’ என்ற இடத்துக்கு என் விரல் போனது. “அதை அழுத்தாதீங்க சார்” என்று தடுத்தார்.

அதன் காரணம்தான் என்னை இக்கட்டுரை எழுத வைத்தது. நுழைவுப் பக்கம் நாம் கேட்டு வருவதன்று. நாம் ஒரு தளத்தைக் கேட்கும்போது வைஃபை குறுக்கே புகுந்து, அத்தளத்துக்குப் பதிலாகத் தன் பக்கத்தை நீட்டுகிறது. பூட்டில்லாத ‘எச்டிடிபி’ முகவரிகள் மிகுந்திருந்த காலத்தில் இது எளிதாக நடந்தது. இன்று பெரும்பாலான தளங்கள் ‘எச்டிடிபிஎஸ்’. இடையில் எவர் பேசினாலும் உலாவி ஏற்காது. வந்திருப்பவர் கதவைத் திறக்க வந்த காவலரா, வேடமிட்ட திருடரா என்று அதற்குத் தெரியாது. தெரியாதபோது மறுப்பதே முறை.

அகப்பொருளில் இதற்குப் பெயர் உண்டே என்று தோன்றியது. தலைவனுக்காகத் தூது வரும் பாணனையும் தோழியையும் நம் மரபு ‘வாயில்கள்’ என்றது. தலைவி அவர்களை ஏற்காதிருப்பது வாயில் மறுத்தல். மறுப்பு பிழையன்று, ஏமாந்த அனுபவத்தின் அறிவு.

கணினி இதற்கென ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. விண்டோஸ், இணைந்தவுடன் பூட்டில்லாத ஒரு முகவரியைத் தட்டிப் பார்க்கும். ‘மைக்ரோசாஃப்ட் கனெக்ட் டெஸ்ட்’ என்ற சொற்கள் அப்படியே திரும்பி வந்தால் வழி திறந்திருக்கிறது. வேறெதுவும் வந்தால் குறுக்கே ஒரு வாயில் இருக்கிறது என்று அறிந்து நுழைவுப் பக்கத்தைக் காட்டும். அன்று ஏனோ காட்டவில்லை. இளைஞர் உலாவியில் ‘நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்’ என்று தட்டினார். எந்நாளும் பூட்டுப் போடாமல் இருப்பதற்கென்றே நடத்தப்படும் தளம் அது. வைஃபை அதில் குறுக்கிட்டது, உலாவி மறுக்கவில்லை. நுழைவுப் பக்கம் வந்தது.

“அறிவிப்புப் பலகையில இருக்கிற பேரும் இதுவும் ஒண்ணான்னு பாத்துக்குங்க சார். போன் நம்பரும் ஓ.டி.பி.யும் தவிர வேற எது கேட்டாலும் குடுக்காதீங்க” என்றார். பெயர் சரியாக இருந்தது. எண் தந்தேன். குறுஞ்செய்தி வந்தது. கடிதம் ஏறியபோது மணி 11.47.

வாயிலின் முகவரியை வைஃபையே இணையும் கணினிக்குச் சொல்லிவிடும் முறை 2020இல் தரமாக வகுக்கப்பட்டது என்று பின்னர் படித்தேன். எல்லா இடங்களுக்கும் அது இன்னும் வந்து சேரவில்லை. அதுவரை அந்தப் பூட்டில்லாத முகவரியை நினைவில் வைத்திருப்பது நல்லது.

மாணவிக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “நன்றி ஐயா. தூங்காமல்தான் இருந்தேன்.”

இளைஞரின் வண்டி வந்துவிட்டது, பெயரைக்கூடக் கேட்கவில்லை. நான் மட்டும் நடைமேடையில் அமர்ந்திருந்தேன். ஒரு மணி நேரமாக மடிக்கணினியையும் வைஃபையையும் நொந்துகொண்டிருந்தேன். இரண்டும் தத்தம் முறைப்படியே நடந்துகொண்டன. அவளுக்கும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இடையே மூன்று வாரம் திறவாமல் கிடந்த வாயில் நான்தான். அவள் என்னை ஒருமுறைகூட நினைவூட்டவில்லை. ஆசிரியரை இருமுறை கேட்பது மரியாதையன்று என்று எண்ணியிருப்பாள். அந்த மரியாதைக்கு நான் செய்தது சரியன்று.

இப்போதெல்லாம் பரிந்துரைக் கடிதம் கேட்டால் அன்றிரவே எழுதிவிடுகிறேன்.