தலைக்கு மேலே கங்கை

ஹவுரா மெயில் நம்மைக் கொல்கத்தாவில் இறக்கிவிடுவதில்லை. நிலையம் ஹூக்ளியின் மேற்குக் கரையில், ஊர் அக்கரையில். அரைத் தூக்கத்தில் டாக்சியில் பாலத்தைக் கடந்து விடுதிக்குப் போய்ச் சேர்ந்தோம். மறுநாள் காலையில் என் எட்டு வயது மகள் அறிவித்தாள்: “தூங்கிட்டே கடந்தது செல்லாது.”

டிசம்பர் விடுமுறை. என் கையில் ஒரு பட்டியல் இருந்தது. 1814இல் தொடங்கிய இந்திய அருங்காட்சியகத்தை உள்ளூர்க்காரர்கள் ‘ஜாதுகர்’, மாய வீடு என்கிறார்கள். அங்கே எகிப்திய மம்மிக்கு முன்னால் மகள் கால் மணி நேரம் அசையாமல் நின்றாள். விக்டோரியா நினைவகத்தின் பளிங்கைவிட அதன் புல்வெளிதான் எங்களுக்கு உதவியது. அலிப்பூர் விலங்குக்காட்சி சாலைக்குக் குளிர்காலத்தில் போகாதீர்கள். ஊரே ஆரஞ்சுப் பழத்தோடும் குரங்குக் குல்லாவோடும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. இவையெல்லாம் குறையில்லாத இடங்கள்தான். ஆனால் குழந்தையையும் முட்டிவலி உள்ள அம்மாவையும் சேர்த்துக் கூட்டிப் போகிறவனுக்கு அந்த ஊரில் வாய்த்த நல்ல இடம் ஆறுதான். அதைக் கடக்க அங்கே எத்தனையோ வழி.

முதலில் படகு. பாபுகாட்டிலிருந்து ஹவுராவுக்குச் சில ரூபாய்தான் டிக்கெட். கடலின் ஏற்றவற்றம் இங்கேவரை வருகிறது. நீர் வற்றியிருக்கும்போது மிதவைத் துறைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகச் சரிந்துவிடும். முட்டிவலிக்காரர்கள் நீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்துப் போவது நல்லது. நாங்கள் பார்க்காமல் போனோம். கம்பியைப் பிடித்து அங்குலம் அங்குலமாக இறங்கிய அம்மா, தண்ணீரைப் பார்த்து முகம் சுளித்தாள்.

“நம்ம தாமிரவருணியில நின்னா காலு தெரியும். இது என்ன, காப்பி மாதிரி கலங்கிக் கெடக்கு?”

ஹூக்ளி கங்கையின் கிளைதான், இங்கே எல்லோரும் கங்கை என்றே சொல்கிறார்கள் என்றேன்.

“ஏல, மொதல்லயே சொல்லப்படாதா?” அக்கரையில் இறங்கியதும், படித்துறையில் யாரோ ஒரு பெண்ணிடம் சைகையிலேயே கேட்டு ஒரு கை தண்ணீர் வாங்கித் தலையில் தெளித்துக்கொண்டாள். குளிக்க வேண்டும் என்று ஆரம்பித்தவளைக் குளிரைச் சொல்லித் தடுத்தேன். அந்தக் கோபம் இரவுவரை இருந்தது.

அடுத்தது மெட்ரோ. இந்தியாவின் முதல் மெட்ரோ ரயில் 1984இல் ஓடியது இந்த ஊரில்தான். 2024 மார்ச்சில் ஆற்றுக்கு அடியிலும் ஓட ஆரம்பித்தது. கண்ணாடிக்கு வெளியே மீன் போகும் என்று என் மகள் எதிர்பார்த்திருந்தாள். எஸ்பிளனேடில் ஏறினோம். சுரங்கச் சுவரில் நீல விளக்குகள் வந்தால் ஆற்றுக்கு அடியில் இருக்கிறோம் என்று அர்த்தம். 520 மீட்டர், முக்கால் நிமிடம். மீனும் இல்லை, ஒன்றும் இல்லை. “அவ்ளோதானாப்பா?” என்று அவள் உதட்டைப் பிதுக்கும்போது அம்மா மேலே பார்த்துக் கேட்டாள்: “இப்ப கங்கை நம்ம தலைக்கு மேலயா ஓடுது?”

“ஆமாம்மா.”

“அப்ப முங்கிக் குளிச்ச கணக்குதான்.” கோபம் அங்கேயே தீர்ந்தது.

மூன்றாவது நாள் விடியற்காலையில் ஹவுரா பாலத்தை நடந்து கடந்தோம். 1943இல் திறந்த பாலம். சுமார் 26,500 டன் எஃகு. நட்டு, போல்ட் கிடையாது, எல்லாம் தறையாணிதான். அதைச் சொன்னதும் மகள் கண்ணில் பட்ட ஆணிகளை எண்ணத் தொடங்கி இருநூறோடு விட்டுவிட்டாள். போகிறவர்கள் துப்பிய வெற்றிலை எச்சில் தூண்களின் அடியை அரித்து, கண்ணாடியிழை உறை போட வேண்டிவந்த பாலமும் இதுதான். பாலத்தடியில் மல்லிக்காட் பூச்சந்தை. செண்டுமல்லிச் சரங்களைப் பாம்பாட்டி மாதிரி தோளில் சுற்றிக்கொண்டு ஆட்கள் ஓடுகிறார்கள். இவ்வளவு பூவுக்கு நடுவில் தலைக்கு வைக்க ஒரு முழம் மல்லிகை அம்மா கண்ணில் படவில்லை. சம்பங்கி இரண்டு தண்டு வாங்கி ஒன்றைக் கிள்ளிச் செருகிக்கொண்டாள்.

நான்காவது, வித்யாசாகர் சேது வழியாக டாக்சியில் சிப்பூர் தாவரவியல் தோட்டம். 1787இல் உருவாக்கியது. திங்கள்கிழமை விடுமுறை. வாசலிலிருந்து அங்குள்ள பெரிய ஆலமரத்துக்கு நல்ல நடை. அம்மாவுக்காக நான்கு இடத்தில் உட்கார்ந்தோம். பூசணம் பிடித்த அடிமரத்தை 1925இல் வெட்டி எடுத்துவிட்டார்கள். 3,000க்கும் மேற்பட்ட விழுதுகளில் மரம் நிற்கிறது. அதைச் சுற்றி 330 மீட்டருக்குச் சாலை போட்டார்கள். மரம் அதையும் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறது. அம்மா அடிமரத்தைத் தேடிக்கொண்டே இருந்தாள். இல்லை என்று சொன்னபோது நம்பவில்லை. “உள்ளுக்குள்ள எங்கயாவது இருக்கும்.”

ஊர் திரும்பும் நாள், கண்ணைக் கசக்கி விழித்தபடி மகள் பாலத்தில் ஒவ்வொரு தூணாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். அம்மா சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். ஹவுரா நிலையத்தில் டாக்சி நின்றதும் மகள் என் காதில் சொன்னாள்: “ஆச்சிக்கு ஒண்ணு கம்மி.”