படிக்கத் தெரியாத மொழிபெயர்ப்பாளன்

கொரிய மொழிபெயர்ப்பாளன் என்று சம்பளம் வாங்கிய முதல் இரண்டு வருஷம் எனக்குக் கொரிய எழுத்து ஒன்றுகூடத் தெரியாது.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் கார் தயாரிக்க ஆரம்பித்த பிறகு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் உதிரிபாகக் கம்பெனிகள் வரிசையாக வந்தன. அப்படி ஒன்றில் சேர்ந்தேன். இன்டர்வியூவில் பேசச் சொன்னார்கள். சீரியல் பார்த்துப் பார்த்து வாய்க்கு வந்திருந்தது, பேசினேன். படிக்கச் சொல்லவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

என் மூலதனம் ஒரு நீல அட்டை நோட்டு. கொரியச் சொற்கள் எல்லாம் அதில் ஆங்கில எழுத்தில் இருக்கும். பாதி ஒரு பழைய புத்தகத்திலிருந்து எடுத்தது, 1930-களில் மெக்கூனும் ரைஷவரும் வகுத்த முறை. மீதி, 2000-ல் தென்கொரிய அரசு கொண்டுவந்த புது முறை. இரண்டும் வேறு என்பதே தெரியாமல் கலந்து வைத்திருந்தேன். துறைமுக நகரமான பூசான் ஒரு பக்கத்தில் பேனாவுக்குப் போடும் 'பி'யில் இருந்தது, இன்னொரு பக்கத்தில் பஸ்ஸுக்குப் போடும் 'பி'யில். கன்டெய்னர் எந்தப் பூசானிலிருந்து வருகிறது என்று மேனேஜரிடமே கேட்டேன். மனிதர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

தமிழனுக்கு இந்தக் குழப்பமே வந்திருக்கக் கூடாது. பூசானின் முதல் கொரிய எழுத்து நம் பகரம் மாதிரி: சொல்லின் தொடக்கத்தில் வன்மையாகவும், இரண்டு உயிருக்கு நடுவே மென்மையாகவும் ஒலிக்கும். இறைச்சிக்குக் 'கோகி' என்பார்கள். இரண்டு இடத்திலும் அங்கே ஒரே மெய்தான், இங்கேயும் ககரம்தான். (தமிழும் முழுசாகக் கைகொடுக்காது. நிலா, மகள், முகமூடி மூன்றும் நம் எழுத்தில் 'தால்' ஆகிவிடும்.)

ஒருநாள் நைட் ஷிப்டில் ஆபரேட்டர் தம்பி போனில் ஒரு படம் காட்டினான். கொரியாவிலிருந்து வந்திருந்த இன்ஜினியர் பிரஸ் மெஷினில் ஒட்டிவிட்டுப் போன சீட்டு, நான்கே எழுத்து. "என்ன சார் போட்டிருக்கு?"

"செக் பண்ணியாச்சுன்னு போட்டிருக்கு. ஓட்டு."

மெஷினை ஓட்டினான். டை விரிசல் விட்டது. காலையில் இன்ஜினியர் கத்தியபோதுதான் அந்தச் சொற்கள் என் காதில் விழுந்தன: 'சாயோங் கும்ஜி'. உபயோகிக்கக் கூடாது. என் நோட்டில் பதினோராம் பக்கத்தில் இருந்த சொற்கள். கேட்டிருந்தால் தூக்கத்திலும் அர்த்தம் சொல்லியிருப்பேன்.

தம்பிக்கு மெமோ கொடுத்தார்கள். "டிரான்ஸ்லேட்டர் சார்தான் சொன்னார்" என்றான். "நான் அந்தச் சீட்டையே பார்க்கவில்லை" என்றேன். கொரிய மொழியில் சொன்னேன், அவனுக்குப் புரியாது என்ற தைரியத்தில். அன்று என் உச்சரிப்பில் ஒரு பிசிறு இல்லை.

1446-ல் செஜோங் மன்னர் இந்த எழுத்தை வெளியிட்டபோது, கெட்டிக்காரனுக்கு ஒரு காலைப்பொழுது போதும், மந்தனுக்கும் பத்து நாள் போதும் என்கிற பொருளில் அவருடைய அறிஞர் ஒருவர் எழுதிவைத்திருக்கிறார். நான் அந்த மெமோவுக்கு அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ஆறு நாள் ஆனது.

இப்போது கொரிய மொழி படிக்க எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அலைகிறார்கள், பாதிப் பேர் பாட்டுக்காக, மீதிப் பேர் வேலைக்காக. போன மாதம் தம்பியே மகளைக் கூட்டிவந்தான். "உங்களை விட்டா யாரு சார் இருக்காங்க?" என்றான். அந்தப் பெண் மத்தியானச் சாப்பாட்டுக்குள் எழுத்து முழுவதையும் பிடித்துக்கொண்டாள். சாயங்காலம் அழைத்துப் போக வந்தவனிடம் அதைச் சொன்னேன். மெமோ விஷயத்தை அன்றும் சொல்லவில்லை.