முயலுக்கு எத்தனை கால்?

'தான் பிடிச்ச முயலுக்கு மூணே கால்'னு அடம் பிடிக்கிற ஆளுங்களை நீங்க நிறைய பார்த்திருப்பீங்க. ஆனா முயலுக்காகவே ஒரு ஹாஸ்டல் ரூம் ரெண்டு கட்சியா பிரிஞ்சு, மெஸ் வரைக்கும் சண்டை போட்டுக்கிட்டே போய்ப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்திருக்கேன். விஷயம் வேற ஒண்ணுமில்லை, 'ரேமன் ரேவிங் ராபிட்ஸ்'ங்கிற வீடியோ கேம். 2006-ல யுபிசாஃப்ட் கம்பெனி வெளியிட்டது. அரதப்பழசுதான். ஆனா கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத ஓட்டை லேப்டாப்புலயும் ஓடும்ங்கிறதால எங்க ரூமுக்கு வந்து சேர்ந்துச்சு.

கதையைக் கேளுங்க. ரேமன் ஒரு கார்ட்டூன் ஹீரோ. அவனுக்குக் கையும் கிடையாது, காலும் கிடையாது. உள்ளங்கையும் பாதமும் மட்டும் தனியா மிதக்கும். அவனைக் கிறுக்குப் பிடிச்ச முயல் கூட்டம் ஒண்ணு கடத்திட்டுப் போய் ஜெயில்ல போடுது. தினமும் மைதானத்துக்கு இழுத்துட்டு வந்து போட்டி வைக்குது. ஜெயிச்சா பரிசு என்ன தெரியுமா? டாய்லெட் அடைப்பு எடுக்கிற ரப்பர் பம்ப்! அதை ஒவ்வொண்ணா சேர்த்து, சுவத்துல ஏணி மாதிரி ஒட்டி, ஜன்னல் வழியா தப்பிக்கணும்.

போட்டிங்க எல்லாம் குட்டிக் குட்டி. மொத்தம் 70-க்கும் மேல. முயல் கண்ணாடிக்குள்ள கேரட் ஜூஸைப் பீய்ச்சி அடிக்கணும். டாய்லெட் கதவைத் திறந்துட்டே இருக்கிற முயலுங்களுக்குக் கதவைச் சாத்தணும். மாட்டைச் சங்கிலியில கட்டி, கிறுகிறுன்னு சுத்தித் தூர வீசணும். லீவுக்கு அன்னூர் போனப்ப இந்த ஆட்டத்தைப் பார்த்த எங்க அம்மிச்சி, "வாயில்லா ஜீவனை எதுக்குக் கண்ணு இந்தப் பாடு படுத்தறீங்க?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிருச்சு. மொத எதிர்ப்பு ஓட்டு!

ரூம்ல விழுந்த எதிர்ப்பு ஓட்டு வேற மாதிரி. ரேமனோட மொத கேம் 1995-ல வந்துச்சு. தாவி, குதிச்சு, வழி கண்டுபிடிச்சுப் போற சாகச ஆட்டம். இதையும் அப்படி ஒரு சாகசமாத்தான் செய்ய ஆரம்பிச்சாங்க. நடுவுல திட்டம் மாறி மினி கேம் ஆகிப்போச்சு. "பிரியாணி ஆர்டர் பண்ணினா ஊறுகாய் பாக்கெட்டா கொடுக்கிறான்"னு சீனியர் ஒருத்தர் கொதிச்சார். அவர் சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க. முயலுங்க ஹிட் ஆனதும் ஹீரோவையே ஓரங்கட்டிட்டாங்க. ரேமன் மறுபடி தாவிக் குதிக்க 2011-ல 'ரேமன் ஆரிஜின்ஸ்' வர வேண்டியிருந்தது. அதுவுமில்லாம, இந்த ஆட்டத்தை நின்டெண்டோ வீ மிஷின்ல ரிமோட்டைக் கையில பிடிச்சு வீசி ஆடணும். நாம கம்ப்யூட்டர்ல மௌஸை ஆட்டிட்டு உட்கார்ந்திருக்கோம். பாதி ருசி அங்கேயே போச்சு. தனியா ஆடினீங்கன்னா ரெண்டாவது நாளே கொட்டாவி வந்துடும். சத்தியமா மொக்கை.

அப்புறம் ஏன் ஆதரவு ஓட்டுப் போட்டேன்? காரணம் ஒரு ஜூனியர். எங்க ஊர்ப் பக்கம்தான். தமிழ் மீடியம். போன்ல எல்லாம் புலி; ஆனா காலேஜ் வர்ற வரைக்கும் மௌஸைத் தொட்டதில்லை. நாங்க துப்பாக்கி கேம் ஆடும்போது கட்டில் ஓரமா நின்னுக்குவான். கூப்பிட்டா, "இல்லீங்ணா, நீங்க ஆடுங்க, நான் பாக்கறனுங்"பான். கூச்சம்னு நினைச்சோம். கூச்சம் இல்லை. அந்த கேம்ல புதுசா வர்றவன் அஞ்சு செகண்டுல செத்துடுவான், அப்புறம் டீமே சேர்ந்து திட்டும். யாருக்குத்தான் ஆட மனசு வரும்?

முயல் கேம்ல அந்தப் பிரச்னை இல்லை. முயலுங்க இங்கிலீஷ் பேசாது, 'ப்வாஆ'ன்னு கத்த மட்டும்தான் செய்யும். ஒரு நிமிஷத்துல ஆட்டம் புரியும், அடுத்த நிமிஷத்துல முடிஞ்சிடும். நோட்டுப் பின்அட்டையில ஸ்கோர் எழுதி, மௌஸைக் கை மாத்தி மாத்தி ஆடினோம். தம்பி வீசின மாடு அவன் காலடியிலயே விழுந்துச்சு. ரூமே சிரிச்சுது, அவனும் சிரிச்சான். மறுபடி வீசினான். அன்னிக்கு ராத்திரி ஸ்கோர் எழுதற நோட்டு அவன் கையில இருந்துச்சு. கொதிச்ச சீனியரும் 'இன்னொரு ரவுண்டு'ன்னு கேட்டார்.

பொங்கலுக்கு ஊர்ல வைக்கிற போட்டியை நினைச்சுப் பாருங்க. சாக்கு ஓட்டம், ஸ்பூன்ல எலுமிச்சம்பழம், கண்ணைக் கட்டிக்கிட்டுப் பானை உடைக்கிறது. இதுல எதுலயாவது பெரிய திறமை இருக்கா? சாக்குக்குள்ள தனியா நின்னு குதிச்சுப் பாருங்க, பைத்தியம்னு சொல்லுவாங்க. ஆனா ஊரே கூடி நிக்கும்போது அதுதான் திருவிழா. ஓடத் தெரிஞ்சவனும் தெரியாதவனும் ஒரே கோட்டுல நிக்க அந்தச் சாக்கு வேண்டியிருக்கு.

அதனால யாராவது "இந்த கேம் எப்படி?"ன்னு கேட்டா, நான் திருப்பிக் கேட்பேன்: "எத்தனை பேர் இருக்கீங்க?" ஒருத்தர்னா வேண்டாம், வேற நல்ல கேம் ஆயிரம் இருக்கு. நாலு பேர்னா தாராளமா ஆடுங்க. ஆனா ஒரு கண்டிஷன். உங்க ரூம்லயும் கட்டில் ஓரமா ஒருத்தர் 'நான் பாக்கறேன்'னு நிப்பார். மொத சான்ஸ் அவருக்குக் கொடுங்க. மாடு எங்கே விழுந்தாலும் பரவாயில்லை!