நான் பார்க்காத இரண்டு கோல்கள்

2016 பிப்ரவரி 16. ஜார்ஜ் டவுன் சிட்டி ஸ்டேடியத்தில் பகாங்கிற்கு எதிரான ஆட்டம். எங்கள் பினாங்கு அணியின் முகமட் பைஸ் சுப்ரி உதைத்த ஃப்ரீ கிக் ஒரு பக்கமாகப் பறந்தது. நடுவானில் மனம் மாறியதுபோல் மறுபக்கம் வளைந்து வலைக்குள் விழுந்தது. அந்த கோல் ஃபிபாவின் புஸ்காஸ் விருதுக்கான கடைசி மூன்றில் இடம்பிடித்தது. அப்போது வெற்றியாளரைத் தேர்ந்தெடுத்தது இணையத்தில் ரசிகர்கள் போட்ட ஓட்டு.

விடுவேனா? "நம்ம பினாங்கு பையன்! ஓட்டுப் போடுங்க!" என்று வானொலியில் தினமும் தொண்டை வறளக் கூவினேன்.

ஒருநாள் அப்பா தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "மத்த ரெண்டு கோலையும் பாத்தியாம்மா?"

பார்க்கவில்லை.

ஊடகத்துறை மாணவியாக இருந்தபோது படித்தது நினைவுக்கு வந்தது. அமெரிக்கக் கல்லூரிக் காற்பந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட அணிகள். எல்லாரும் எல்லாரோடும் மோத முடியாது. அதனால் 1936 முதல் அசோசியேட்டட் பிரஸ், விளையாட்டுச் செய்தியாளர்களிடம் வாக்கெடுத்துத் தரவரிசை வெளியிடுகிறது. இன்றைய முறையில் ஒவ்வொருவரும் 25 அணிகளை வரிசைப்படுத்த வேண்டும். முதலிடத்துக்கு 25 புள்ளி, கடைசி இடத்துக்கு ஒன்று. யார் எந்த அணியை எங்கே வைத்தார் என்பதும் வெளியாகிவிடும். சொந்த ஊர் அணியைக் காரணமில்லாமல் தூக்கிவைத்தால் கேள்வி வரும். என்னிடம் கேட்க அப்பா மட்டும்தான் இருந்தார்.

அன்றிரவே இரண்டையும் பார்த்தேன். ஒன்று, கொரிந்தியன்ஸ் அணியின் மார்லோன் அடித்தது. இன்னொன்று, வெனிசுவேலாவின் இளம்பெண் டேனியுஸ்கா ரோட்ரிகஸ் எதிரணியினரை ஏமாற்றி அடித்தது. அந்தப் பெண்ணின் கோலை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

பிறகுதான் பைஸுக்கு ஓட்டுப் போட்டேன். மறுநாள் நிகழ்ச்சியில் மூன்று கோல்களையும் வர்ணித்துவிட்டு, "பாத்துட்டுப் போடுங்க" என்றேன்.

2017 ஜனவரியில் சூரிக் மேடையில், கைப்பேசியில் உரையைத் தேடித் தடுமாறிய பைஸைப் பார்த்து நாடே சிரித்தது, நெகிழ்ந்தது. 59.46 விழுக்காடு ஓட்டு அவருக்கு! நானும் துள்ளிக் குதித்தேன்.

இப்போதும் நேயர்களிடம் சிறந்த பாடலுக்கு ஓட்டுக் கேட்கிறேன். ஆனால் போட்டியில் உள்ள எல்லாப் பாடல்களையும் ஒலிபரப்பிய பிறகே கேட்கிறேன். "நேரம் போதலையே" என்று தயாரிப்பாளர் முணுமுணுக்கிறார். அப்பா மட்டும் ஒரு பாடலும் விடாமல் கேட்கிறார்.