நைல் நதிக்கரையில் ஒரு கிராணி

சென்ற ஆண்டு நண்பர் மூவருடன் எகிப்து நாட்டு அசுவானிலிருந்து கொம் ஓம்போவுக்குப் பாய்மரப் படகில் சென்றேன். நைல் வடக்கே இழுத்தது, வாடைக்காற்று எதிர்த்தது, படகு வளைந்து வளைந்து ஊர்ந்தது. படகோட்டி நூபியர். இஞ்சியிட்ட காப்பி தந்து, தம் பாட்டனார் ஊர் ஏரியின் அடியில் உளது என்றார்.

அசுவான் பேரணை நீருக்குத் தப்ப, அபு சிம்பல் ஆலயங்களை 1964 முதல் 1968 வரை அறுத்து, கல்தோறும் எண்ணிட்டு, 65 மீட்டர் உயரத்தில் மீண்டும் அடுக்கினர். உலகமே பொருளுதவிற்று. நூபியர் ஏறக்குறைய 50,000 பேரையோ, 1963-64இல் கொம் ஓம்போ அருகே, ஆற்றைவிட்டு விலகிய வீடுகளில் குடியேற்றினர்.

யான் தோட்டக் கிராணி. லயம் இடிக்கப்பட்டபொழுது வெளியேறிய குடும்பங்களுக்கு எண்ணிட்டு ஏட்டில் எழுதியது இக்கைதான். அன்பர்களே! கல்லுக்கு எண்ணிட்டது மீண்டும் சேர்ப்பதற்கு. மனிதருக்கு யான் எண்ணிட்டது எதற்கு?