ரிச்சி தெருவுக்கு வரும் மெமரி கார்டுகள்

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இடிபடாமல் நடப்பதே பெரிய வித்தை. நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று பக்கத்துத் தெருக்களிலும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகள்தான். 'அறுபதாம் கல்யாண போட்டோ எதுவும் கம்ப்யூட்டரில் ஏறலை' என்று கேமராவைப் பொத்திக்கொண்டு வருபவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு.

விவரமான கடைக்காரர் முதலில் கேபிளை மாற்றிப் பார்ப்பார். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் படம் போகாது. அடுத்து, கார்டைக் கழற்றி ரீடரில் போடுவார். ரீடர் ரொம்பப் பழசென்றால் அங்கேயும் வம்பு: 2 ஜிபி எஸ்டி கார்டு காலத்து ரீடர், 4 ஜிபி எஸ்டிஹெச்சி கார்டைப் படிக்காது. புது ரீடர் வாங்கினால் தீர்ந்தது.

வயிற்றைக் கலக்குவது, 'ஃபார்மட் செய்யவா?' என்று திரை கேட்கும் இடம்தான். பதற்றத்தில் பலர் 'சரி' என்று அமுக்கிவிடுகிறார்கள். அப்படியே அமுக்கியிருந்தாலும், அந்தக் கார்டில் அதன்பின் ஒரு படம்கூட எடுக்காமல் கொண்டுவந்தால், மீட்பு சாஃப்ட்வேர் பழையதைத் தோண்டியெடுக்க வாய்ப்புண்டு. மேலே புதுப் படம் பதிந்துவிட்டால் போனது போனதுதான். 'பார்க்கலாம் சார்' என்று கடைக்காரர் சொன்னாலே பாதி உயிர் திரும்பும்!

மீண்ட படங்களை அதே கார்டில் போடாமல் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். வேலை நாளில் போவதே உத்தமம்.