பெட்டிச் சாவி யாரிடம்?

"ஏனுங்க சார், இந்தப் பணம் எங்கிருந்துங்க வருது?"

கேட்டவர் ஒரு தாய். கேட்கப்பட்டவன் நான். இடம், திருப்பூரை அடுத்து, பனியன் கம்பெனிகளின் இரைச்சல் ஓயாத ஓர் ஊரின் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நேரம், ஒரு வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி.

"அரசாங்கம் தருகிறது, அம்மா" என்றேன்.

"அரசாங்கத்துக்கு யாருங்க தர்றாங்க?" என்றார்.

வாயடைத்து நின்றேன். கல்லூரியிலே வரலாறு படித்துப் பட்டம் பெற்றவன் நான். பிரெஞ்சுப் புரட்சிக்கு முன்பு அந்நாட்டுக் கருவூலம் காலியான கதையைப் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன். நான் நின்று பாடம் சொல்லும் பள்ளியின் கருவூலம் எது, அதை நிரப்புவோர் யார், அதன் சாவி யாரிடம் என்பது மட்டும் எனக்குத் தெரியவில்லை!

அந்தத் தாய் எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. தைத்து வந்த உருப்படிகளை விளக்கொளியிலே விரித்து, ஓட்டை உண்டா, தையல் விட்டிருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்தவர். மூன்று மணிக் கூட்டத்துக்கு வருவதென்றால் பிற்பகல் வேலை போகும். அரை ஷிப்டுக் கூலியும் போகும். போனால் போகட்டும் என்று வருபவர்.

அப்படி வந்தவருக்கு நாங்கள் என்ன வேலை வைத்திருந்தோம்? கையெழுத்துப் போடும் வேலை! தீர்மானம் முன்னரே எழுதப்பட்டிருக்கும். கையெழுத்திட வேண்டிய இடத்திலே பென்சிலால் ஒரு சிறு புள்ளி. புள்ளியைத் தேடுவார்கள், பெயரை எழுதுவார்கள், தேநீர் அருந்துவார்கள், போவார்கள். நான் வைத்த புள்ளிகளே பல உண்டு. அன்று அவர் புள்ளியைத் தேடவில்லை, பொருளைத் தேடினார்.

"படிச்சுக் காட்டுங்க சார். பார்க்காம பீஸை அனுப்பினா கம்பெனியில எங்களைத்தானுங்க திட்டுவாங்க."

படித்தேன். முகப்புச் சுவருக்கு வண்ணம் பூசுவது என்பது தீர்மானம். எழுதியது என் கை. கேட்டு முடித்த அவர், அமைதியாகச் சொன்னார்: "கக்கூசுல மூணு மாசமா தண்ணியில்லைங்க. எம் பொண்ணு பள்ளிக்கூடத்துல தண்ணியே குடிக்கிறதில்லைங்க. சுவத்துக்கு எதுக்குங்க சார் சாயம்?"

மோட்டார் எரிந்து போயிருந்தது எனக்குத் தெரியும். பெண் குழந்தைகள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. நாள்தோறும் அவர்கள் எதிரே நின்று, 'நீரின்றி அமையாது உலகு' என்று ஓதியவன் நான்! முதலில் எனக்கு வந்தது சினம். எழுதியதைத் திருத்துகிறாரே என்ற சினம். பிறகு வந்தது நாணம். அந்த நாணமே என்னைத் தேட வைத்தது.

தேடத் தேட, பள்ளியின் பெயர்ப்பலகையே ஒரு வரலாற்றுப் பாடம் என்று கண்டேன்.

1920ஆம் ஆண்டு சென்னை மாகாணத்திலே தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. ஊராளும் மன்றங்கள் கல்விக்கென வரி விதிக்கலாம் என்றது அது. அதே 1920இல்தான், பிட்டி தியாகராயர் தலைமையிலிருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியிலே பிள்ளைகளுக்குப் பகலுணவு வழங்கத் துணிந்தது. வரி தருவது ஊர். ஆகவே ஊர்ப் பிள்ளைக்கு எழுத்தும் வேண்டும், சோறும் வேண்டும் என்ற எண்ணம் அன்றே முளைத்துவிட்டது.

முளையைக் கிள்ளப் பார்த்தவர்களும் உண்டு. 1953இல் இராசகோபாலாச்சாரியார், ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாளைக்கு மூன்று மணி நேரமே படிப்பு என்றார். மீதி நேரம்? அப்பன் தொழிலைப் பழகு! குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது நம் இயக்கம். 1954இல் காமராசர் முதல்வரானார், திட்டம் மாண்டது. 1956இல் பகலுணவு பரவத் தொடங்கிற்று. 1958இல் வந்த ஊராட்சிச் சட்டம் ஊராட்சி ஒன்றியங்களைப் படைத்தது. ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகள் அவற்றின் பொறுப்பில் வந்தன. அதே ஆண்டிலே, பகுத்தறிவாளர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு இயக்கத்தில், ஊரார் தங்கள் பள்ளிக்குத் தேவையானவற்றைத் தாங்களே பட்டியலிட்டு, தாங்களே கொண்டுவந்து குவித்தார்கள்.

பிறகு சாவி மெல்ல மெல்ல மேலே ஏறிற்று. 1976இல் அரசமைப்பின் 42ஆவது திருத்தம், மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோயிற்று. 1981இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியராயினர். இது நன்மைதான், ஊர்ப் பெரிய மனிதரின் முகம் பார்த்து நிற்கும் நிலை ஆசிரியனுக்கு ஒழிந்தது. 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தது. அதன் செலவில் டில்லியின் பங்கு நூற்றுக்கு 60, மாநிலத்தின் பங்கு 40.

ஆக, பலகையிலே பெயர் ஒன்றியத்துக்கு! ஆசிரியர் ஊதியம் சென்னையிலிருந்து! மேற்பார்வை வட்டாரக் கல்வி அலுவலரிடம்! மானியத்தின் பெரும்பங்கு டில்லியிலிருந்து! இத்தனை கைகள் பிடித்திருக்கும் பள்ளியில், எரிந்த மோட்டாரைப் பார்க்க மட்டும் ஒரு கண் இல்லை!

மானியம் எவ்வளவு என்று கேட்கிறீர்களா? 31 முதல் 100 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு, அத்திட்டத்தின் விதிப்படி ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்கேனும் துப்புரவுக்குச் செலவிட வேண்டும். எங்கள் பள்ளியில் 86 பிள்ளைகள். தொடக்க வகுப்புகளுக்குச் சட்டம் சொல்லும் 200 வேலை நாளுக்குப் பங்கிட்டால், நாளொன்றுக்கு 125 ரூபாய். பிள்ளை ஒன்றுக்கு 1 ரூபாய் 45 காசு! ஊதியமும் பாடநூலும் உணவும் இதில் சேரா; அவை தனி. சுண்ணக்கட்டி, பதிவேடு, விளக்கு, குழாய், பழுது, விளையாட்டுப் பொருள் எல்லாம் இந்த 1 ரூபாய் 45 காசுக்குள்ளே. இவ்வளவு சிறிய தொகையில்தான் நான் சுவருக்குச் சாயம் பூசப் புறப்பட்டேன்.

இந்தச் சிறு தொகைக்கும் மேலிடத்தில் நிபந்தனை! 2024-25ஆம் ஆண்டில், புதிய கல்விக் கொள்கையை ஏற்கும் பி.எம். ஸ்ரீ உடன்படிக்கையில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்பதற்காக, இத்திட்டத்தின்கீழ் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை டில்லி நிறுத்தியது. 1968இல் அண்ணா வகுத்த இருமொழிக் கொள்கையைக் கைவிட மாட்டோம் என்றது மாநிலம். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டியது. கையெழுத்துப் போட்டால்தான் காசு என்றது டில்லி. கேட்கும்போது குருதி கொதிக்கிறது அல்லவா? எனக்கும் கொதித்தது. கொதித்த மறுகணமே என் பென்சில் புள்ளி நினைவுக்கு வந்தது! படித்துப் பார்க்காமல் கையெழுத்திடு என்று டில்லி சென்னையிடம் சொன்னால் அது ஆதிக்கம். அதையே நான் ஒரு செக்கிங் தொழிலாளியிடம் சொன்னால் அதற்குப் பெயர் என்ன?

பெயர் வேறல்ல, தோழர்களே! அளவுதான் வேறு.

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தேன். அதன் 21ஆம் பிரிவு பேசுகிறது: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவினருக்கு உரிய பங்கு. அவர்கள் வேலை என்ன? பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது. வளர்ச்சித் திட்டம் வகுப்பது. மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பது. பார்ப்பது என்றுதான் சட்டம் சொல்கிறது. புள்ளியைத் தேடிக் கையெழுத்திடுவது என்று எங்கும் சொல்லவில்லை! செக்கிங் வேலை செய்பவருக்குச் சட்டமே செக்கிங் வேலையைத்தான் கொடுத்திருக்கிறது. அதை மறைத்து வைத்தவர்கள் நாங்கள்.

அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் சொன்னேன். சாயத் தீர்மானம் கிழிந்தது. மோட்டாருக்குக் காயில் கட்டும் தீர்மானம் எழுந்தது. சுற்றுச்சுவர்? அதற்கு மானியம் போதாது. கோயில் குடமுழுக்குக்கு அள்ளிக் கொடுத்த செல்வர் ஒருவரை அணுகலாம் என்றேன். அணுகினோம். தருவதாகச் சொன்னார். நிபந்தனை இரண்டு: கல்லில் அவர் பெயர், வாயிலில் ஒரு பிள்ளையார். நான் தயங்கினேன். கல்லுக்குச் சம்மதித்துப் பிள்ளையாரைத் தட்டிக்கழிக்கலாமா என்று கூட எண்ணினேன். தாய் தயங்கவில்லை.

"கோயிலுக்குக் குடுத்தா புண்ணியம்ங்கிறாங்க. பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தா தர்மம்ங்கிறாங்க. தர்மம் வேண்டாமுங்க சார். லைன் வீட்டு வாடகையில வீட்டு வரியையும் சேர்த்துத்தானுங்க வாங்குறாங்க. சோப்புக்கு வரி, தீப்பெட்டிக்கு வரி. நம்ம பணத்துக்குக் கணக்குக் கேப்போமுங்க."

அவர் கோயிலுக்குப் போகிறவர்தாம். நெற்றியில் குங்குமம் இருந்தது. ஆயினும் கேட்டு வாங்கும் பிச்சைக்கும் கணக்குக் கேட்கும் உரிமைக்கும் வேறுபாடு கண்டுவிட்டார். பகுத்தறிவு என்று நாம் மேடையிலே முழங்குவது அதைத்தானே!

கணக்குக் கேட்பது யாரிடம்? ஒன்றியத்திலே அப்போது தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினரும் இல்லை. எங்கள் மாவட்ட ஊரக மன்றங்களின் பதவிக்காலம் 2025 சனவரி 5இல் முடிந்து, பொறுப்பு தனி அலுவலர்களிடம் போயிருந்தது. மக்கள் தேர்ந்த நாற்காலிகளில், எஞ்சி நின்றது இந்தத் தாயின் நாற்காலி ஒன்றே. அதிலும் அரை ஷிப்டை இழந்தால்தான் அமர முடியும்!

ஆகவே அவர் ஒரு வழி சொன்னார். கம்பெனிகளுக்கு விடுமுறை ஞாயிறு. வெள்ளிக்கிழமைக் கூட்டம் விதிப்படி நடக்கட்டும். அதற்கு முந்திய ஞாயிறு காலையில் பெற்றோர் எல்லாரும் கூடிப் பேசிவிடுவோம். முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் ஒன்பது பேர். மூன்றாம் கூட்டத்திற்கு வந்தவர்கள் நாற்பத்தொருவர். தேனிப் பக்கமிருந்து வந்து பவர் டேபிளில் அமர்ந்தவர் வந்தார். ஒடிசாவிலிருந்து வந்து கட்டிங்கில் நிற்பவர் வந்தார். அவர் மகன் தந்தைக்குத் தமிழை மொழிபெயர்த்தான். வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, மிச்சம் இவ்வளவு என்று நான் கரும்பலகையிலே எழுதினேன். என் பணிக்காலத்தில் நான் எழுதிய பாடங்களில் அத்தனை கூர்ந்து கவனிக்கப்பட்டது வேறில்லை.

மே முதல் நாள், தொழிலாளர் திருநாள். கிராம சபை கூடும் நாளும் அதுவே. கம்பெனிகள் மூடியிருந்தன. சுற்றுச்சுவர் வேண்டும் என்ற தீர்மானத்தை எடுத்துக்கொண்டு நாற்பது குடும்பங்கள் சபைக்குப் போயின. பதிவேட்டில் தீர்மானம் ஏறிற்று. சுவர் இன்னும் ஏறவில்லை. ஏறிவிட்டது என்று எழுதிக் கட்டுரையை முடிக்க ஆசைதான், உண்மை அதுவன்று. ஒன்றிய அலுவலகத்துக்கு இரண்டு முறை நடந்திருக்கிறோம். மூன்றாம் முறையும் நடப்போம். ஆனால் கழிப்பறையிலே தண்ணீர் வருகிறது. குழந்தைகள் தண்ணீர் குடிக்கிறார்கள்.

நம் திருப்பூரில்தான் 1934இல் அண்ணா முதன்முதல் பெரியாரைச் சந்தித்தார். ஈரோட்டு நகரசபைத் தலைவராக இருந்து ஊராட்சியின் நெளிவுசுளிவெல்லாம் கண்டவர் பெரியார். அவர்கள் ஏற்றிய விளக்கைப் பற்றி ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம். எடுப்போம். ஆனால் விழா முடிந்த மறுநாள், நம் தெருவின் அரசுப் பள்ளிக்குப் போகிறோமா? அங்கே குழுவிலே யார் யார், கூட்டம் எப்போது, மானியம் எவ்வளவு, மோட்டார் ஓடுகிறதா என்று கேட்கிறோமா? படித்த இளைஞன் ஒருவன் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் கரும்பலகையின் முன் நின்று கணக்கெழுத முன்வந்தால் போதும். பென்சில் புள்ளிகள் மறையும்.

1953இல் பிள்ளைகளுக்கு அரை நாள் படிப்பே போதும் என்றார்கள்; எதிர்த்து வென்றோம். இன்று அந்தப் பிள்ளைகளின் பேத்திகள் முழு நாளும் படிக்க, ஒரு தாய் தன் அரை ஷிப்டைக் கொடுக்கிறாள். அவள் கொடுப்பது நன்கொடையன்று, தோழர்களே! பெட்டிச் சாவி அவளுடையது. இத்தனை நாள் நாம் வைத்திருந்தோம், கொடுத்துவிடுவோம்.